ஏழு வாரத்துக்கு ஒரு வீடு... சென்னையில் யார் தருவார்கள்?

"எத்தனை மாசத்துக்கும்மா?"

"ரெண்டு மாசம்ணே."

போனில் ஒரு சின்ன அமைதி. "ரெண்டு மாசத்துக்கு யாரும்மா வீடு தருவா? லாட்ஜ்ல ரூம் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சைதாப்பேட்டை, நந்தனம் பக்கம் அன்று நான் பேசிய ஆறாவது புரோக்கர் அவர். மற்ற ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "11 மாசம்னு அக்ரிமென்ட் போட்டுட்டு ரெண்டாவது மாசம் காலி பண்ணிடுங்க, அட்வான்ஸ்ல கொஞ்சம் பிடிப்பாங்க, அவ்வளவுதான்" என்று வழி காட்டினார். அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

வீடு எனக்கில்லை. கோவில்பட்டியில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். சென்னையில் ரேடியேஷன் சிகிச்சை என்று முடிவானது. மொத்தம் 33 சிட்டிங். வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் தினமும் போயாக வேண்டும், அதனால் ஊருக்குப் போய்வரவும் முடியாது. கணக்குப் போட்டால் ஏழு வாரம். நான் இருப்பது லேடீஸ் ஹாஸ்டல். அங்கே பெரியம்மாவை இரண்டு நாள் தங்க வைப்பதற்கே வார்டனிடம் கெஞ்ச வேண்டும். பெரியப்பா கேட்டைத் தாண்டவே முடியாது.

தேட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது: சென்னையில் தங்குவதற்கு இரண்டே இரண்டு கடிகாரங்கள்தான் ஓடுகின்றன. ஒன்று லாட்ஜின் 24 மணி நேரக் கடிகாரம். இன்னொன்று வீட்டு ஓனரின் 11 மாதக் கடிகாரம். நடுவில் மாட்டியவர்களுக்கு இந்த ஊரில் பெயரே இல்லை. சிகிச்சைக்கு வருபவர்கள், இரண்டு மாத டிரெய்னிங்குக்கு அனுப்பப்படும் ஐடி ஊழியர்கள், டிரான்ஸ்ஃபரில் வந்து குவார்ட்டர்ஸுக்குக் காத்திருக்கும் அரசு ஊழியர்கள், மகள் பிரசவத்துக்காக வரும் பெற்றோர், பில்டர் சாவி தரத் தாமதமானதால் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள்... யோசித்துப் பார்த்தால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்.

லாட்ஜில் என்ன பிரச்சினை?

பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கஞ்சி காய்ச்ச ஒரு அடுப்பு இருந்தாப் போதும்மா."

தொண்டையில் ரேடியேஷன் போகும்போது இரண்டு மூன்று வாரத்திலேயே வாய், தொண்டை எல்லாம் புண்ணாகிவிடும். காரம் ஆகாது, சூடு ஆகாது. கஞ்சி, குழைத்த சாதம், மிக்ஸியில் அடித்த காய் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். எடை ரொம்பக் குறைந்தால் சிகிச்சையே சிக்கலாகும் என்று டயட்டீஷியன் எழுதியே கொடுத்தார். லாட்ஜ் ரூமில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். ஹோட்டல் இட்லியும் சாம்பாரும் இந்த நோயாளிக்கு உணவே இல்லை. ஆக, இங்கே சமையலறை என்பது வசதி சமாச்சாரம் கிடையாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பிஜி? அங்கே ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. 60 வயதைத் தாண்டிய கணவன் மனைவியை இரண்டு தெருக்களில் பிரித்து வைக்கச் சொல்கிறது அந்த ஏற்பாடு. சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் கிச்சன் இருக்கிறது, ஆனால் எங்களிடம் சொன்ன தொகைக்கு ஊரில் இருக்கும் தோட்டத்தில் பாதியை விற்க வேண்டும்.

இதில் வரி வேறு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற விடுதி என்றால், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு இப்போது 5% வரி. 2025 செப்டம்பர் வரை 12% இருந்தது. ஹாஸ்டல், பிஜி போன்ற தங்குமிடங்களுக்கு 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு விலக்கு கொடுத்தது: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. ஆனால் தொடர்ந்து 90 நாளாவது தங்கியிருக்க வேண்டும். 49 நாள் தங்கும் நோயாளி இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். வரிச் சட்டத்தின் கண்ணுக்கு என் பெரியப்பாவும் மெரினா பார்க்க வந்த டூரிஸ்ட்டும் ஒரே ஆள்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மாத வாடகை 14,000 ரூபாய் உள்ள ஒரு சின்ன சிங்கிள் பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, 84,000. (பத்து மாதம் கேட்கும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் மென்மையான ஓனரை எடுத்துக்கொள்கிறேன்.) புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 14,000. முதல் மாத வாடகை 14,000. சாவி கைக்கு வருவதற்கு முன்பே 1,12,000 ரூபாயை எடுத்து வைக்க வேண்டும்.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையில் எழுதப்படாத சட்டம். இரண்டு மாதம் இருந்தாலும் பிடிப்பார்கள், ஐந்து வருஷம் இருந்தாலும் பிடிப்பார்கள். ஆக இரண்டு மாதத்துக்குத் திரும்பி வராத செலவு: வாடகை 28,000, புரோக்கர் 14,000, பெயின்டிங் 14,000. மொத்தம் 56,000. அதாவது மாதம் 28,000. அதே வீட்டில் 11 மாதம் இருப்பவருக்கு இதே கணக்கைப் போட்டால் மாதம் சுமார் 16,500தான் வருகிறது. குறைந்த நாள் இருப்பவர் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு கொடுக்கிறார். இதுதான் அந்த புரோக்கர் சொன்ன "கொஞ்சம்".

லாட்ஜில் நாளுக்கு 1,200 என்றால் 49 நாளுக்கு 58,800. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் லாட்ஜில் முதல் நாளே ஒரு லட்சம் கேட்க மாட்டார்கள். ஊரில் நகையை வைத்துவிட்டு ஸ்கேனுக்கும் மருந்துக்கும் பணத்தோடு பஸ் ஏறி வரும் குடும்பம் ஏன் அடுப்பில்லாத அறைக்குப் போகிறது என்றால், காரணம் இந்த 1,12,000தான். செலவு அல்ல, முன்பணம்தான் கழுத்தைப் பிடிக்கிறது.

அது என்ன 11 மாதம்?

1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க 11 மாதம் என்று எழுத ஆரம்பித்தார்கள். அதுவே பழக்கமாகி, இப்போது வாடகை என்றாலே 11 மாதம் என்று நம் தலையில் பதிந்துவிட்டது. உண்மையில் 11 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கும் எழுதலாம், 49 நாளுக்கும் எழுதலாம்.

இன்னொரு விஷயம். பழைய 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ல் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. அதன்படி, எத்தனை மாதமாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதாவது 11 மாதம் என்று எழுதித் தப்பிக்கும் தந்திரத்துக்கு இப்போது அர்த்தமே இல்லை. ஆனாலும் ஸ்டாம்ப் பேப்பரில் அதேதான் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

ஓனர் வில்லனா?

தேடிய முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சைதாப்பேட்டையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். மாடியில் ஒரு போர்ஷன் நான்கு மாதமாகக் காலி. ரெண்டு மாதத்துக்கு என்றதும் முகம் மாறியது. "மூணு மாசம்னு சொல்லிட்டு வந்தவங்கதான் இதுக்கு முன்னாடி இருந்தாங்க. மூணு வருஷம் ஆச்சு வெளியே அனுப்ப. கோர்ட்டு, வக்கீல்னு வீட்டுக்காரர் அலைஞ்சே உடம்பைக் கெடுத்துக்கிட்டார்" என்றார்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய சட்டத்தில் குடியிருப்பவரை வெளியேற்றுவது வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை. அட்வான்ஸ் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கும் அந்த பயத்துக்கும் தொடர்பு உண்டு. ஓனர் கையில் இருக்கும் ஒரே பிடிமானம் அந்தப் பணம்தான். ஒரு மாதத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் வருபவரைப் பார்த்தால், "இவர் போவாரா?" என்ற சந்தேகம் வருகிறது. நீண்ட நாள் இருக்கப் போகிறவரைப் பார்த்து அந்தச் சந்தேகம் வராதது ஒரு வேடிக்கை.

புதிய சட்டம் இந்த இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று கொடுக்கத்தான் பார்த்தது. காலம் முடிந்து வெளியேற்ற உத்தரவு வந்த பிறகும் காலி செய்யாதவரிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்க ஓனருக்கு வழி இருக்கிறது. வழக்கமான சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. வாடகைதாரருக்கு, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். பிரச்சினை என்றால் கரன்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தி மிரட்டக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த மூன்று மாத வரம்புக்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்பட்டிருந்தால் தவிர. அந்த ஒரு வரி போதும், மீதிச் சட்டத்தைச் சாப்பிட. ஆறு மாதம் கேட்கும் ஓனரிடம் "ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்றே எழுதுங்கள்" என்று பேரம் பேசும் பலம் எந்த நோயாளிக்கு இருக்கிறது? அடுத்த திங்கட்கிழமை முதல் சிட்டிங்.

வேலூரில் எப்படி முடிகிறது?

சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்காள மொழியில் போர்டுகள், வங்காளச் சாப்பாட்டுக் கடைகள், நாள் வாடகைக்கு அறைகள். அந்த அறைகளில் பலவற்றில் சமைக்க ஒரு மூலை இருக்கும். கேஸ் அடுப்பும் பாத்திரமும்கூட வாடகைக்குக் கிடைக்கும். மேற்கு வங்கத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வங்கதேசத்தில் இருந்தும் வாரக்கணக்கில் தங்கி சிகிச்சை பெற வருபவர்களைப் பார்த்து அந்த ஊரே தன்னை மாற்றிக்கொண்டது. எல்லா அறையிலும் காற்று வருகிறது, எல்லாரும் பில் தருகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "எத்தனை நாளைக்கு?" என்ற கேள்வியை அங்கே சாதாரணமாகக் கேட்கிறார்கள். சென்னையில் கிரீம்ஸ் ரோடு பக்கம் இதன் சின்ன வடிவம் உண்டு, வாடகை மட்டும் சின்னது இல்லை.

சென்னை ஓனர்களுக்கும் இதில் நஷ்டம் வரும் என்று தோன்றவில்லை. மேலே சொன்ன 14,000 ரூபாய் வீட்டை மாதம் 20,000 என்று குறுகிய காலத்துக்கு விட்டு, வருஷத்தில் மூன்று மாதம் காலியாகவே கிடந்தாலும் 1,80,000 வருகிறது. வருஷம் முழுக்க ஒரே குடும்பத்துக்கு விட்டால் 1,68,000. ஒரு கட்டில், அடுப்பு, ஃபேன் என்று கொஞ்சம் முதல் போட வேண்டும், ஆள் மாறும்போது கழுவிவிட வேண்டும், உண்மைதான். குடிவருபவருக்கோ இரண்டு மாதச் செலவு 56,000-ல் இருந்து 40,000-க்கு இறங்குகிறது. அட்வான்ஸ் ஒரு மாதம், பெயின்டிங் பிடித்தம் கிடையாது என்ற நிபந்தனையோடுதான் இந்தக் கணக்கு. புரோக்கரை நடுவில் விட்டால் கணக்கு மாறிவிடும்.

அரசு செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைவான வாடகைக்கு என்று ஒரு பக்கத்தில் முடியும் தனிப் படிவம், அதை மொபைலிலேயே பதிவு செய்யும் வசதி, அந்தப் படிவத்தில் மட்டும் "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால்" என்ற ஓட்டை இல்லாமல் ஒரு மாத அட்வான்ஸ் வரம்பு. கூடவே, ஒரே ஒரு முறை சில வாரங்கள் நீட்டித்துக்கொள்ளும் வசதி. இந்தக் கடைசிச் சமாச்சாரம் ஏன் முக்கியம் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தேடுபவர்களுக்குச் சில விஷயங்கள்

ஒப்பந்தத்தில் 11 மாதம் என்று எழுத விடாதீர்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்கட்டும். பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாயால் பேசி விட்டுவிடாமல் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐ-யிலோ அனுப்புங்கள், அதுதான் ரசீது.

கரன்ட் பில்லில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுப்பார்கள். நீங்கள் காலி செய்யும் நாள் எப்படியும் நடுவில்தான் விழும். "பில் வரட்டும், அப்புறம் தர்றேன்" என்று அட்வான்ஸில் ஒரு தொகை நின்றுவிடும். குடிபோகும் அன்றே மீட்டரை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், காலி செய்யும் அன்று இன்னொன்று. யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேஸ் கனெக்‌ஷன் இல்லையே என்று கவலை வேண்டாம். 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டையைக் காட்டினால் கேஸ் ஏஜென்சிகளில் கிடைக்கும். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். வீட்டைப் பார்க்காமல் 'டோக்கன்' அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களைத்தான் அந்தக் கும்பல் தேடுகிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

எங்களுக்கு வீடு கிடைத்த கதைக்கு வருகிறேன். சைதாப்பேட்டை அம்மாவிடமே திரும்பப் போனேன், இந்த முறை பெரியப்பாவின் சிகிச்சை அட்டையோடு. 33 கட்டம் போட்ட அட்டை அது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் ஒரு கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார்கள். அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல கடைசிக் கட்டம் என்னைக்கு வரும்?" என்றார். சொன்னேன். அந்தத் தேதியைத் தன் வீட்டு காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார். வாடகை 16,000, அட்வான்ஸ் இரண்டு மாதம், பெயின்டிங் பிடித்தம் இல்லை.

அந்த வட்டம் போட்ட தேதியில் நாங்கள் காலி செய்யவில்லை. நடுவில் ரத்த அணுக்கள் குறைந்து ஒரு வாரம் சிட்டிங் நிறுத்தப்பட்டது, பிறகு மெஷின் இரண்டு நாள் ரிப்பேர். "இன்னும் கொஞ்ச நாள் வேணும்" என்று சொல்லப் படியேறியபோது அவர் முகத்தில் அந்தப் பழைய பயத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் அட்டையை எடுத்துப் போய், எந்தெந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். 12 நாள் கூடுதலாக ஆனது. அந்த 12 நாள் வாடகையையும் கரன்ட்டையும் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை அன்று மாலையே ஜிபேயில் போட்டுவிட்டார்.

பெரியப்பா ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருக்கும், அவரிடம் இருந்து போன் வந்தது. "மாடி காலியாத்தான் இருக்கு. உங்க ஊர்ல இருந்து வேற யாராவது கரன்ட் வைக்க வந்தா சொல்லும்மா" என்றார். வைப்பதற்கு முன், "அந்த அட்டையை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு."